'ஹெச்' போட்ட ரிக்கன்பாக்கர்

வணக்கம். சான் ஹோசே பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் எலெக்ட்ரிக் ஹவாயன் கிட்டார் ஒன்று பார்த்தேன். மடியில் கிடத்தி வாசிப்பது. கறுப்பு பேக்கலைட் (பழைய காலத்துக் கெட்டி பிளாஸ்டிக்) உடம்பு, மேலே குரோம் தகடுகள். பெயர் ரிக்கன்பாக்கர், ஆனால் இரண்டாவது 'கே' இருக்கவேண்டிய இடத்தில் 'ஹெச்'! போலியா? வாங்கினால் பாலிஷ் போட்டுப் புதுசாக்கலாமா?
ரா.

அன்புள்ள ரா.,

போலி செய்கிறவன் பெயரில் கோட்டை விடமாட்டான். கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான அடால்ஃப் ரிக்கன்பாக்கர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். குடும்பப் பெயரில் இருந்தது 'ஹெச்'தான். முதல் உலகப்போரில் பேர்வாங்கிய விமானி எடி ரிக்கன்பாக்கர் அவருக்குத் தூரத்து உறவு. எடி 'கே'க்கு மாறினார், இவரும் மாறினார். கிட்டார் தகட்டில் மட்டும் 1940களிலும் 'ஹெச்' ஓடிக்கொண்டிருந்தது. அதனால் எழுத்தை வைத்து, இது இரண்டாம் உலகப்போருக்கு முந்தியதா பிந்தியதா என்று சொல்ல முடியாது.

காந்தத்தைப் பாருங்கள். வலதுகை மீட்டும் இடத்தில் இரண்டு லாடக் காந்தங்கள் கம்பிகளை மேலும் கீழும் அணைத்து நிற்கும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் 'பிக்கப்' அது; ரிக்கன்பாக்கரின் கூட்டாளி ஜார்ஜ் போஷாம்ப் உருவாக்கியது. காந்தத்தின் அகலம் ஒன்றரை அங்குலம் என்றால் போருக்கு முந்தியது; ஒன்றேகால் என்றால் பிந்தியது. சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வது இந்தக் கால் அங்குலத்துக்குத்தான். குரோம் தகடுகள் நல்ல அறிகுறி, பிறகு வந்தவற்றில் வெள்ளை பூசியிருப்பார்கள். ஆனால் தகட்டைக் கழற்றி மாட்டுவது சுலபம். காந்தத்தையே நம்புங்கள்.

பேக்கலைட்டுக்கு ஏன் போனார்கள் தெரியுமா? 1932இல் வந்த முதல் மாடல் அலுமினிய வார்ப்பு. வட்ட உடம்பும் நீளக் கழுத்துமாக இருந்ததால் 'வறுசட்டி' என்றே பெயர். மேடை விளக்குச் சூட்டில் உலோகம் விரிந்து சுருதி ஓடிவிடும். வாசிப்பவர் பாடு திண்டாட்டம்! 1935இல் பேக்கலைட் வந்தது. சூட்டைத் தாங்கும், கீழே போட்டால் தாங்காது. கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பாலிஷ்? தயவுசெய்து வேண்டாம். மெல்லிய துணியால் தூசி தட்டுங்கள், கம்பி மாற்றுங்கள், அவ்வளவுதான். பழைய மங்கலுக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறார்கள். நானாக இருந்தால் கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் வாசிப்பேன், அது வேறு விஷயம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். அளவை எழுதுங்கள்.