ஓடிப்போன பையனிடமா கணக்குக் கேட்பது?

கேள்வி: செனகல் கால்பந்து வீரர் சாதியோ மானே சொந்த ஊரில் மருத்துவமனை கட்டினார் என்று எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஐரோப்பாவில் பத்தாண்டுக்கு மேல் கோடி கோடியாகச் சம்பாதித்து, 2023இல் இன்னும் பெரிய பணத்துக்காகச் சவுதிக்கும் போனவர் அவர். ஊருக்குக் கிள்ளிக் கொடுப்பதெல்லாம் வள்ளல் தன்மையா? பிறந்த நாட்டிலேயே விளையாடி அங்கே கால்பந்தை வளர்த்திருந்தால் அல்லவா பெருமை?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பிறந்த நாட்டிலேயே விளையாடியிருக்கலாம் என்கிறீர்கள். அந்த ஊரை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவோம். மானே பிறந்த பம்பாலி, செனகலின் தெற்கே கசமான்ஸ் பகுதியில் இருக்கும் கிராமம். நடுவில் காம்பியா என்ற இன்னொரு நாடே குறுக்கே கிடப்பதால், தலைநகர் டக்காரின் கண்ணுக்கு அந்தப் பகுதி எப்போதும் தொலைவுதான். 1982 முதல் பிரிவினைக் கிளர்ச்சியும் சேர்ந்துகொண்டது. மானேவுக்கு ஏழு வயதானபோது, இமாமாக இருந்த அவருடைய அப்பா நோயில் விழுந்தார். பம்பாலியில் மருத்துவமனை இல்லை. நாட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் தாங்கியது. நோய் திரும்பியபோது வேறு ஊருக்குக் கொண்டு போனார்கள். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

வீட்டில் பந்தாட்டத்துக்கு ஆதரவில்லை. படித்தால்தான் பிழைக்க முடியும் என்பது பெரியவர்களின் கட்சி. பதினைந்து வயதில் பையன் முடிவெடுத்துவிட்டான். முந்தின இரவே பையை வீட்டுக்கு வெளியே புல்லுக்குள் ஒளித்து வைத்து, விடியும் முன் கிளம்பிவிட்டான். உயிர்த்தோழன் ஒருவனுக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். நடையும் கடனும் பஸ்ஸுமாக டக்கார் போய்ச் சேர்ந்தான். வீட்டார் தேடிக் கண்டுபிடித்துத் திரும்ப அழைத்தபோது, இன்னும் ஒரு வருஷம் மட்டுமே பள்ளிக்கூடம், அதற்குப் பிறகு தடுக்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வந்தான். டக்காரில் நடந்த ஆட்டக்காரர் தேர்வைப் பற்றி மானே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவன் காலில் இருந்த பூட்ஸ் பக்கவாட்டில் கிழிந்திருந்தது. போட்டிருந்த கால்சட்டையும் ஆட்டத்துக்கானது அல்ல. அங்கிருந்த பெரியவர் ஒருவர் அவனை ஏற இறங்கப் பார்த்து, இதைப் போட்டுக்கொண்டா ஆடப் போகிறாய் என்று கேட்டாராம். என்னிடம் இருப்பதில் நல்லது இதுதான் என்றானாம் பையன். ஆட விட்டுப் பார்த்த பிறகு அதே பெரியவர் அவனை அணியில் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பையனிடமா நாட்டின் கால்பந்தை வளர்க்கவில்லையே என்று கேட்கிறீர்கள்? கேட்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். பணம் போன வழியைப் பாருங்கள்.

டக்காரில் அவரைப் பயிற்றுவித்தது ஜெனரேஷன் ஃபூட் என்ற அகாதெமி. 2000இல் தொடங்கியது. 2003 முதல் பிரான்ஸின் மெட்ஸ் கிளப்புடன் அதற்கு ஒப்பந்தம் உண்டு. மெட்ஸ் உதவி செய்யும். நன்றாகத் தேறுகிற பையன்கள் முதலில் மெட்ஸுக்குப் போவார்கள். பாபிஸ் சிஸே, இஸ்மாயிலா சார், பாப் மத்தார் சார் என்று அந்த வழியாகப் போனவர்கள் பலர். மானேயும் பத்தொன்பது வயதில் அப்படித்தான் போனார். 2012இல் மெட்ஸ் மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிய வேளையில், ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் கிளப் சுமார் 40 லட்சம் யூரோ கொடுத்து அவரை வாங்கியது. 2014இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் அதைப் போலப் பல மடங்கு கொடுத்தது. 2016இல் லிவர்பூல் கொடுத்தது சுமார் 3 கோடியே 40 லட்சம் பவுண்டு.

பன்னிரண்டு வயது முதல் இருபத்து மூன்று வரை ஓர் ஆட்டக்காரரைப் பயிற்றுவித்த கிளப்புகளுக்கு, பின்னாளில் அவர் கைமாறும் தொகையில் 5 சதவீதத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதி இருக்கிறது. பன்னிரண்டு முதல் பதினைந்து வரையிலான ஒவ்வோர் ஆண்டுக்கும் கால் சதவீதம்; அதற்குப் பிறகு ஆண்டுக்கு அரை சதவீதம். ஆனால் 2020 ஜூலை வரை இந்த விதி நாடு விட்டு நாடு மாறும் ஒப்பந்தங்களுக்கு மட்டும்தான் பொருந்தியது. சவுத்தாம்ப்டனும் லிவர்பூலும் ஒரே நாட்டுக் கிளப்புகள். ஆகவே 2016இன் அந்தப் பெருந்தொகையில் டக்கார் அகாதெமிக்கு ஒரு காசு கொடுக்க வேண்டிய கட்டாயமும் யாருக்கும் இருக்கவில்லை. கிராமத்துப் புழுதியில் அவரோடு ஆடிய அணிகளை விட்டுவிடுங்கள். சங்கத்தில் பதிவும் காகிதமும் இல்லாத அணிகள் எந்த விதியின் கண்ணிலும் படுவதில்லை. எனக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். திறமையை விளைவிக்கிறவன் ஒருவன், விலை சொல்கிறவன் இன்னொருவன். நீங்களோ நடுவில் ஓடுகிறவனின் சட்டையைப் பிடிக்கிறீர்கள்.

மானேவுக்குக் கிடைத்தது நல்ல வழி என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் போலி ஏஜென்ட்டுகளின் பேச்சை நம்பி, நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் பிள்ளையை அனுப்பும் குடும்பங்கள் ஏராளம். தேர்வு நடக்கும் என்று பாரிஸுக்குக் கூட்டிப் போய்த் தெருவில் விட்டுவிட்டு மறைந்துவிடுவார்கள். இப்படிக் கைவிடப்பட்ட சிறுவர்களுக்கு உதவவே ழான் குளோத் ம்வூமின் என்ற முன்னாள் கேமரூன் ஆட்டக்காரர் 2000இல் பிரான்ஸில் ஓர் அமைப்பைத் தொடங்க வேண்டியிருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்றக் கூடாது என்று ஃபிஃபா 2001இல் விதி கொண்டு வந்தது. வேட்டை நிற்கவில்லை.

நாட்டுக்கு என்ன செய்தார் என்ற கேள்விக்கு 2022 பிப்ரவரி 6 பதில் சொல்லும். அதுவரை செனகல் ஆப்பிரிக்கக் கோப்பையை வென்றதே இல்லை. 2002 இறுதியாட்டத்தில் கேமரூனிடம் பெனால்டியில் தோற்றது. கடைசிப் பெனால்டியைத் தவறவிட்ட கேப்டன் அலியூ சிஸே. 2019இல் அல்ஜீரியாவிடம் தோற்றபோது அதே சிஸே பயிற்சியாளர். 2022இல் மீண்டும் இறுதியாட்டம், கேமரூனின் யவுண்டேவில், எகிப்துடன். ஏழாவது நிமிடத்திலேயே செனகலுக்குப் பெனால்டி கிடைக்கிறது. மானே அடிக்க, எகிப்து கோல்கீப்பர் கபாஸ்கி தடுத்துவிடுகிறார். இரண்டு மணி நேர ஆட்டத்தில் கோல் இல்லை. பெனால்டி சுற்றில் எகிப்தின் லாஷீன் அடித்ததைச் செனகல் கோல்கீப்பர் மெண்டி தடுத்த பிறகு, பந்தை எடுத்து வைக்க மறுபடி வந்தவர் மானேதான். அன்று ஒருமுறை தவறியவர், நாடே பார்த்திருக்க, இந்த முறை வலைக்குள் அடித்தார். முதல் கோப்பை. அன்றைய அணியில் முக்கியமானவர்கள் எல்லோரும் ஐரோப்பியக் கிளப்புகளில் ஆடியவர்கள். மெண்டியும் கேப்டன் கூலிபாலியும் பிறந்ததே பிரான்ஸில். வெளியே போனவர்கள்தான் அந்தக் கோப்பையைச் செனகலுக்குக் கொண்டு வந்தார்கள்.

மருத்துவமனைக்கு வருகிறேன். 2021இல் அது திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 5 லட்சம் பவுண்டு என்று செய்தி. அதற்கு முன்பே ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுத்திருந்தார். இதைக் கிள்ளிக் கொடுத்தது என்று உங்களால் எப்படிச் சொல்ல முடிந்தது? மருந்தில்லாமல் அப்பாவை இழந்த மகன், அதே ஊரில் மருத்துவமனை கட்டியிருக்கிறார். பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. கட்டடம் எழும்பியதும் அவர் அப்போதைய அதிபர் மக்கி சாலைச் சந்தித்து, மருத்துவர்களையும் பணியாளர்களையும் அரசு தர வேண்டும் என்று பேசினார். தன் கடமை எங்கே முடிகிறது, அரசின் கடமை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்த மனிதர். 1960இல் சுதந்திரம் அடைந்த நாட்டில், ஒரு பந்தாட்டக்காரர் பணம் போடும் வரை பம்பாலி காத்திருக்க நேர்ந்ததே, அதை நாட்டை ஆண்டவர்களிடம் கேட்க வேண்டும்.

சவுதிக்குப் போனது பணத்துக்காகத்தான். அதை நான் மறுக்கவில்லை. 2022 நவம்பரில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கிளப்புக்காக ஆடியபோது காலில் அடிபட்டு, கத்தார் உலகக் கோப்பையையே இழந்தார். மறு ஆண்டு அந்தக் கிளப் அவரை விடத் தயாரானது. அப்போது அவருக்கு வயது 31. ஓடுகிற கால் எத்தனை வருஷம் ஓடும் என்று தெரிந்த தொழிலாளி, கிடைத்த நல்ல கூலிக்குப் போனார். அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஜெர்மனியிலிருந்து சவுதிக்குப் போனது நாடு விட்டு நாடு மாற்றம் என்பதால், நீங்கள் கோபப்படும் அந்த ஒப்பந்தத் தொகையில்தான் அவரைச் சிறுவயதில் பயிற்றுவித்தவர்களுக்கும் விதிப்படி பங்கு உண்டு. லிவர்பூலுக்குப் போனபோது அது இல்லை.