கல்பாசி பாசியே இல்லையா?

கேள்வி: நான் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசி உண்மையில் பூஞ்சை என்கிறாள் தாவரவியல் படிக்கும் என் மகள். இனத்தைச் சொல்ல டி.என்.ஏ. பார்த்தால் போதும், கண்ணால் பார்த்துச் சொன்னதெல்லாம் பழங்கதை என்றும் சொல்கிறாள். அப்படியா? (வாசகி, மயிலாப்பூர்)

பதில்: மகள் சொன்னதில் முக்கால்வாசி சரி. கல்பாசி ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடித்தனம். வீட்டைக் கட்டிக் காப்பது பூஞ்சை, வெயிலில் சமைத்துப் போடுவது பாசி. 1860களில் ஸ்விட்சர்லாந்தின் சைமன் ஸ்வெண்டனர் இதைச் சொன்னபோது அன்றைய லைக்கன் நிபுணர்களே கடுப்பானார்கள். இன்றைய விதிப்படி லைக்கனின் பெயர் அதிலுள்ள பூஞ்சையின் பெயர்தான். சமைத்துப் போடுகிறவருக்கு வாசலில் பெயர்ப்பலகை கிடையாது, நம் வீடுகளைப் போலவே.

இனி அந்தக் கால்வாசி, அதாவது கண்ணால் பார்ப்பது பழங்கதை என்பது. டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். மேலே சாம்பல், அடியில் கறுப்பு, ஓரத்தில் கண்ணிமை போல நுண்ணிய கறுப்பு மயிர் இருந்தால் அது பார்மோட்ரீமா என்ற லைக்கன் வகையாக இருக்கலாம். ஆய்வகத்தில் இதன்மேல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்றும் பார்ப்பார்கள். கடையில் வாங்கும் பொட்டலத்தில் பெரும்பாலும் பல இனங்கள் கலந்தே கிடக்கும், குழம்புக்கு அது தெரியாது.

கண் ஏமாறும் என்பது நிஜம். அமெரிக்க வெப்பமண்டலத்தில் வளரும் கோரா என்ற லைக்கனை நெடுநாள் ஒரே இனம் என்று நினைத்திருந்தார்கள், 2014ல் டி.என்.ஏ. பார்த்தால் குறைந்தது 126 இனங்கள்! அப்புறம் திரும்பிப் போய் உற்றுப் பார்த்தபோது நிறத்திலும் வடிவத்திலும் வளரும் இடத்திலும் வித்தியாசம் தெரிந்தது, முன்பு யாரும் அப்படித் தேடவில்லை, அவ்வளவுதான்.

டி.என்.ஏ.வும் சறுக்கும். பூஞ்சைகளுக்குப் பொது அடையாளமாக 2012ல் முன்மொழியப்பட்டது ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதி. ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை வகையில் நெருங்கிய சொந்தங்களை அது பிரிக்காது, வேறு ஜீன்களையும் பார்க்க வேண்டும். லைக்கனை அரைத்தாலோ உள்ளே ஒண்டியிருக்கும் வேறு பூஞ்சையின் டி.என்.ஏ. வரிசை கூட வந்து நிற்கும். சரி, சுத்தமான வரிசையே கிடைத்தது என்று வையுங்கள், அதை எதோடு ஒப்பிடுவது? யாரோ மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பெயர் வைத்த மாதிரியோடுதானே! சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சி.வி.சுப்ரமணியன் வித்துகள் உருவாகும் விதத்தை வைத்துப் பூஞ்சைகளை வகைப்படுத்தியது 1962ல், அப்போது ஏது டி.என்.ஏ. வரிசை?

யார் யாருக்குச் சொந்தம் என்று சொல்ல டி.என்.ஏ.வை நம்புவேன். கையில் இருப்பது எது என்று முதலில் கேட்க வேண்டியது லென்ஸைத்தான். இரண்டும் முரண்பட்டால் மாதிரியைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன்.

கேள்வி: மழை விட்ட மறுநாள் எங்கள் தெருக் குப்பைமேட்டில் முளைக்கும் குடைக்காளான் மாலைக்குள் மையாய் உருகுகிறதே, அது கொப்ரைனஸ் என்கிறது என்னிடமுள்ள புத்தகம், சரிதானே? (வாசகர், பெரம்பூர்)

பதில்: உங்கள் புத்தகம் பழையது. உருகுவதை வைத்து எல்லாவற்றையும் கொப்ரைனஸ் என்றார்கள். டி.என்.ஏ. பார்த்ததும் 2001ல் அந்தக் கூட்டம் உடைந்தது, பெரும்பாலானவை கொப்ரைனாப்சிஸ், கொப்ரைனெல்லஸ், பராசோலா என்று பிரிந்துபோயின. உங்களுடையது எது என்று போட்டோவில் சொல்ல முடியாது. வாயில் மட்டும் வைக்காதீர்கள்.