மாம்பழத்தால் வந்ததில்லை, ஊசியை நிறுத்தாதீர்கள்

வணக்கம் சகோதரி. ஒன்பது வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்ததும், 'மாம்பழ சீசனில் கணக்கில்லாமல் கொடுத்தாயே' என்று சேலத்துச் சொந்தங்கள் குத்திக்காட்டுகிறார்கள், ஏற்காடு போகும் இரண்டு நாளும் இன்சுலின் ஊசி வேண்டாம் என்கிறார்கள் என எழுதியிருந்தீர்கள்.

ஊசியை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். மல்கோவா மேல் பழி போடவும் வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது இது. 1922-இல் இன்சுலின் ஊசி வருவதற்கு முன் இந்தப் பிள்ளைகள் அதிக நாள் பிழைத்ததில்லை. மாமியாரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

எனக்கும் டைப் 1தான். ஒருமுறை ஊசி போட்டுக்கொண்டு, நாலு இட்லி சாப்பிட்டு ஏற்காடு பஸ் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவு அல்லவா, பாதியிலேயே இட்லி வெளியே வந்துவிட்டது. சர்க்கரையை இறக்கும் இன்சுலின் மட்டும் உள்ளே. கை நடுங்கி, சட்டை நனைய வியர்த்து, மிட்டாய்த் தாளைப் பிரிக்க முடியாமல் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் பெரியவர் அதைப் பிடுங்கி, 'சுகர்காரனுக்கு மிட்டாயா?' என்றார். நல்ல மனுஷன்தான்!

அதனால் கூட வருகிற எல்லோரிடமும் முன்னாலேயே சொல்லிவையுங்கள்: ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் இனிப்புதான் மருந்து. குளுக்கோஸ் பொடி உங்கள் கைப்பையில் இருக்கட்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது, நேராக ஆஸ்பத்திரி. மலையேறும் அன்று ஊசி நேரத்தையும் அளவையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள்.