டப்பாவுல இருந்த நெல்லு வயலுக்கு என்ன செஞ்சுது?

கேள்வி: ஐயா வணக்கம், நான் அக்ரி ரெண்டாவது வருஷம். பழைய நெல் ரகத்தையெல்லாம் சேத்து ஜீன் பேங்க்ல, அதாவது விதைய பத்திரமா பாதுகாக்குற இடத்துல வெச்சு ஆராய்ச்சி பண்றாங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன், "அதனால வயல்ல என்ன மாறுச்சு, எவன் கணக்கு பாத்தான்"னு கேட்டுட்டாரு. என்ன சொல்றது?
– வாசகி, திருத்துறைப்பூண்டி

பதில்: அப்பா கேட்டது நியாயமான கேள்விம்மா. இத்தனை ரகம் சேத்தோம், இத்தனை பேருக்கு ட்ரெயினிங் குடுத்தோம்னு ரிப்போர்ட்ல எழுதுறது செஞ்ச வேலையோட கணக்கு, அதனால வயல்ல என்ன நடந்துச்சுங்கிறது வேற கணக்கு. அந்த ரெண்டாவது கணக்க ஒழுங்கா போட்ட இடம் ஒடிசா.

அங்க வெள்ளம் தாங்குற ஒரு நாட்டு நெல்லுல இருந்து தேர்ந்தெடுத்ததுதான் எஃப்.ஆர்.13ஏங்கிற ரகம். விளைச்சல் கம்மி, ஆனா விதை ஜீன் பேங்க்ல பத்திரமா இருந்துச்சு. சாதாரண நெல்லு மூழ்குனா மேல வந்துடணும்னு விறுவிறுன்னு நீளும், இருக்குற சத்தெல்லாம் அதுலயே தீந்துபோய் தண்ணி வடியுறப்ப துவண்டு சாஞ்சு அழுகிடும், அந்த நாத்தம் அப்பாவுக்கு நல்லா தெரியும். எஃப்.ஆர்.13ஏ நீளாம அப்படியே அடங்கி கெடக்கும், தண்ணி வடிஞ்சதும் புதுசா குருத்து விடும். அதுக்கு காரணமான சப்1ஏ மரபணுவ 2006ல அறிவிச்சாங்க, அத விவசாயிங்க நிறைய பேரு போடுற ஸ்வர்ணா ரகத்துக்குள்ள கலப்பு முறையில கொண்டுவந்து ஸ்வர்ணா சப்1னு 2009ல இந்தியாவுல வெளியிட்டாங்க.

அப்புறம்தான் விஷயமே. 2011ல 128 கிராமத்த எடுத்து குலுக்கல் போட்ட மாதிரி பிரிச்சு, பாதி ஊருல கொஞ்சம் பேருக்கு 5 கிலோ விதை குடுத்தாங்க, மீதி ஊருக்கு குடுக்கல. ஏன் குலுக்கல்னா, கெட்டிக்கார விவசாயியா பாத்து குடுத்தா அவரு எத போட்டாலும் விளைய வெச்சுடுவாரு, அது விதையால வந்ததா அவரு கையால வந்ததான்னு பிரிக்க முடியாது. 10 நாள் மூழ்குன வயல்ல பழைய ஸ்வர்ணாவ விட சுமார் 45 சதவீதம் கூடுதல் விளைச்சல், வெள்ளம் வராத வயல்ல நஷ்டமும் இல்ல.

என் மனச தொட்டது இன்னொண்ணு. அங்க தாழ்வான, தண்ணி தேங்குற நிலத்துல பட்டியலின மக்களோட பங்கு அதிகம், அதனால பலனும் அவங்களுக்குத்தான் அதிகம் போய் சேர வழி இருந்துச்சு. சராசரிய மட்டும் பாத்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது. பயிர் நிக்கும்னு நம்பிக்கை வந்ததும் உரம் கூட போட்டாங்க, விதைப்ப விட்டு நடவுக்கு வந்தாங்க, அதுவும் கணக்குல வந்துச்சு. நம்ம டெல்டாவுக்கே இதே மரபணு சேத்த சி.ஆர்.1009 சப்1 ரகம் வந்திருக்கு, அப்பாவ கேட்டு பாருங்க.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம், அந்த நாட்டு நெல்ல தலைமுறை தலைமுறையா விதைக்கு எடுத்து வெச்ச குடும்பங்களோட பங்கு எந்த கணக்குலயும் ஏறல. அதையும் ஏத்தணும்.

கேள்வி: நெல் திருவிழாவுல வாங்குற பாரம்பரிய விதைக்கும் இப்படி பாக்க முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முடியும். பாரம்பரிய நெல் ரகங்கள மீட்ட நெல் ஜெயராமன் ஐயா 2 கிலோ விதை குடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவா திருப்பி வாங்குனாரே, அதுவே நல்ல அளவுகோல், எத்தனை பேரு திருப்பி குடுத்தாங்கன்னு நோட்டுல இருக்கும். அதோட நிக்காம மூணாவது வருஷம் போய் கேக்கணும், இன்னும் போடுறீங்களா, எந்த வயல்ல, எவ்வளவு கண்டுச்சு, என்ன விலைக்கு போச்சுன்னு. விட்டுட்டவங்க வீட்டுக்கும் கண்டிப்பா போங்க, மாப்பிள்ளை சம்பாவ ஏன் விட்டாங்கன்னு அவங்க சொன்னாத்தான் தெரியும். வீட்டு பொம்பளைங்ககிட்டயும் கேளுங்க, விதை எந்த மூலையில இருக்குது, அந்த அரிசிய வீட்டுல யாரு சாப்பிடுறாங்கங்கிறது அவங்களுக்குத்தான் தெரியும்.