வாய் உலர்கிறதா? முதலில் மாத்திரை அட்டையைப் பாருங்கள்

வாய் உலர்வது, கண் மங்குவது, மலம் கட்டுவது, சிறுநீர் அடைப்பது, மூளை குழம்புவது எல்லாம் 'ஆன்டிகோலினெர்ஜிக்' என்ற ஒரே வகை மருந்துகளின் பக்கவிளைவாக இருக்கலாம். அவற்றைப் பற்றி வாசகர்கள் கேட்டதும் என் பதிலும் இங்கே.

4 மாதக் குழந்தைக்கு வயிற்றுவலி. டைசைக்ளோமின் சொட்டு மருந்து கொடுக்கலாமா? (பாலக்கோடு)

கூடாது. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது மூச்சுத்திணறலில் கொண்டுபோய் விடலாம்.

தினமும் மஞ்சள் கலரில் ஒரு சின்ன மாத்திரை போடுகிறேன். கண் மங்குகிறது. நிறுத்தலாமா? (ஊர் இல்லை)

மருந்தின் பெயர் இல்லை, வயது இல்லை. கலரை வைத்து நான் என்ன சொல்ல? அட்டையைப் பார்த்து எழுதுங்கள். ஆனால் கண் சிவந்து வலித்தாலோ, விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தாலோ எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். கண் அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

அப்பாவுக்கு 70க்கு மேல், புராஸ்டேட் வீக்கமும் உண்டு. தூக்கத்துக்காக ராத்திரியில் சளி மாத்திரை கொடுக்கிறோம். இப்போது சிறுநீர் சரியாகப் போகவில்லை, ராத்திரியில் சம்பந்தமில்லாமல் பேசுகிறார். (காரிமங்கலம்)

அடிவயிறு உப்பி, சிறுநீர் அடைத்துவிட்டால் இன்றைக்கே ஆஸ்பத்திரி. டியூப் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சளி மாத்திரைகள் பலவற்றில் இருக்கும் குளோர்பெனிரமின் தூக்க மருந்து அல்ல. வயதானவர்களுக்கு அது மூளையைக் குழப்பும், மலத்தைக் கட்டும், சிறுநீரை அடைக்கும். வீட்டில் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடுகிறார்கள். சிலர் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடங்காததற்கு ஆக்ஸிபியூட்டினின், பஸ் பயணத்துக்கு அவோமின் என்று ஆளுக்கொரு டாக்டர் எழுதியது எல்லாம் இதே வகைதான்; ஒரே உடம்பில் ஒன்றுசேரும்.

எனக்குப் பெரிய ஆதங்கம் கடைகளில் அட்டையை வெட்டிக் கொடுப்பது. நாலு மாத்திரை, மேலே பாதிப் பெயர், தேதி வெட்டுப்பட்டுப் போயிருக்கும். காகிதக் கவரில் 'இரவு 1' என்று மட்டும் எழுதியிருக்கும். பெரியவர் மயங்கி வரும்போது அந்தக் கவரை வைத்து என்ன கண்டுபிடிப்பது? பெயர் தெரியும் பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.

நெபுலைசர் வைத்தபின் அம்மாவுக்கு ஒரு கண்ணின் பாப்பா மட்டும் பெரிதாகிவிட்டது. (ஓசூர்)

நெபுலைசரில் போடும் இப்ராட்ரோபியம் மருந்து மாஸ்க் ஓரமாகக் கண்ணில் கசிந்திருக்கலாம். ஓரிரு நாளில் சரியாகும். பேச்சுக் குழறல், கை கால் பலவீனம், கடும் தலைவலி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

மனநல மாத்திரையோடு, அதனால் வரும் விறைப்புக்கும் நடுக்கத்துக்கும் பாசிடேன் போடும் தம்பி மாங்காய் பறிக்கப் போகலாமா? (பர்கூர்)

வெயில் ஏறுமுன் முடித்துவிடட்டும். அந்த மாத்திரை வியர்வையைக் குறைக்கும். உடம்பு கொதித்து உளறினால் நிழலில் கிடத்தி, ஈரத்துணி போட்டு, 108ஐக் கூப்பிடுங்கள். தானாக நிறுத்த வேண்டாம். விறைப்பும் நடுக்கமும் திரும்பும்.

பூச்சிமருந்து அடிக்கிறோம். விஷமுறிவுக்கு அட்ரோபின் ஊசி வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? (ராயக்கோட்டை)

வேண்டாம். நாடித்துடிப்பையும் நெஞ்சுச் சளியையும் பார்த்துப் பார்த்து ஆஸ்பத்திரியில் ஏற்ற வேண்டிய ஊசி அது. விஷம் ஏறினால் சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, பூச்சிமருந்து டப்பாவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.