ரோலர் கோஸ்டரில் முறிந்த எலும்பு, டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’

கேள்வி: மே மாதம் குடும்பத்தோடு சென்னைக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். ரோலர் கோஸ்டரில் என் மனைவியின் தோளை அழுத்திப் பிடிக்கும் கம்பி சரியாகப் பூட்டவில்லை. அங்கிருந்த பையனிடம் சொன்னோம். “ஒன்றும் ஆகாது” என்று கிளப்பிவிட்டான். கடைசியில் பிரேக் பிடித்தபோது கம்பி ஓங்கி அடித்து, வலது காறை எலும்பு முறிந்துவிட்டது. முதலுதவி அறையில் தூளி கட்டி, மாத்திரை கொடுத்து, ஒரு துண்டுச் சீட்டும் தந்தார்கள். ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆனது. மேலாளர் மரியாதை இல்லாமல் பேசினார், பிள்ளைகள் அழுதுகொண்டே நின்றார்கள். அன்றிரவே விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, பிளேட் வைத்து ஆபரேஷன் செய்தோம். போலீஸ் கேஸ் ஆகிவிடும், இன்சூரன்ஸ் கிடைக்காது என்று பலரும் பயமுறுத்தியதால், வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிட்டோம். 1,85,000 ரூபாயும் கேஷ்லெஸ்ஸில் முடிந்தது. மனைவி தையல் வேலையில் மாதம் 12,000 சம்பாதிப்பவர். நான்கு மாதம் மெஷினில் உட்கார முடியவில்லை. பிளேட்டைப் பிறகு எடுக்க 45,000 ஆகும் என்கிறார் டாக்டர். டிக்கெட்டின் பின்னால் ‘சவாரி சொந்தப் பொறுப்பில்’ என்று அச்சிட்டிருக்கிறது. பூங்கா தரப்பில் 60,000 தருவதாக வாட்ஸ்அப் வந்தது. பணம் முக்கியம் இல்லை, 10 லட்சம் கேட்டு அவர்களுக்குப் பாடம் புகட்ட வேண்டும். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம். ஆனால் நீங்கள் விரிவாக எழுதியிருக்கும் எதுவும் இந்த வழக்கைத் தீர்மானிக்காது. மேலாளரின் பேச்சு, பிள்ளைகளின் அழுகை இவற்றுக்கெல்லாம் தீர்ப்பில் ஒரு வரிகூட வராது. ஆம்புலன்ஸ் தாமதம் ஓரளவு உதவும், அவ்வளவுதான். ஒரே வாக்கியத்தில் நீங்கள் கடந்துபோன விஷயம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கப் போகிறது. அன்றிரவு மருத்துவமனையில் விபத்து எங்கே நடந்ததாகச் சொன்னீர்கள்?

அதற்கு முன் சின்ன விஷயங்களை முடித்துவிடுகிறேன். டிக்கெட்டில் அச்சிட்ட வரிக்குப் பயப்பட வேண்டாம். உயரத்திலிருந்து இறங்கும்போது தலைசுற்றுவது சவாரி செய்பவர் ஏற்றுக்கொண்ட ஆபத்து. கம்பி பூட்டாமல் வண்டியைக் கிளப்புவது அப்படி இல்லை, அது சேவைக் குறைபாடு. ஒருதலைப்பட்சமான நிபந்தனைகளை நுகர்வோர் ஆணையங்கள் அப்படியே ஏற்பதும் இல்லை. வழக்குக்காகச் சென்னைக்கு அலையவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். காலக்கெடு இரண்டு ஆண்டு, அதில் ஏழு மாதம்தான் போயிருக்கிறது.

சரி, இப்போது அந்த வாக்கியம். உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பத்தியில் ‘வீட்டில் வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது’ என்றுதான் இருக்கும். கேஸ் ஷீட், நர்ஸ் குறிப்பு, இன்சூரன்ஸுக்குப் போன படிவம் எல்லாவற்றிலும் அதேதான். பூங்காவின் வக்கீல் வேறெதையும் வாதாட வேண்டியதில்லை. “சிகிச்சைக்குப் போன இடத்தில் நோயாளி தரப்பு சொன்னது இது, ஏழு மாதம் கழித்துப் பணத்துக்காகச் சொல்வது அது” என்று அந்த ஒரு தாளை நீட்டினால் போதும். நுகர்வோர் ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணத்தையும் வைத்தே முடிவு செய்வார்கள். உங்கள் மனைவி கூண்டில் நின்று கண்ணீரோடு நடந்ததைச் சொல்லும் வாய்ப்பு அநேகமாக வராது. குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பும் முதலில் உங்களுடையது.

வருத்தம் என்னவென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை. இன்சூரன்ஸ் பாலிசிகளில் சாகச விளையாட்டுகள் பற்றி வரும் வழக்கமான விலக்கு, அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்குத்தான். பூங்காவில் ராட்டினம் ஏறிய குடும்பத் தலைவிக்கு அது பொருந்தாது. மருத்துவ-சட்ட வழக்கு என்று பதிவானால் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும், யாராவது வந்து வாக்குமூலம் வாங்குவார்கள். அதுவே இன்று உங்களுக்கு மிக வலுவான சாட்சியாக இருந்திருக்கும். இந்தப் பயத்தால் நல்ல வழக்குகள் கெட்டுப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அதைவிட மோசமான இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன், உங்களை எச்சரிக்க விரும்புவது அதைப் பற்றித்தான். கொஞ்ச நாளில் யாராவது உங்களிடம், “மருத்துவமனையில் ஆள் இருக்கிறார், சம்மரியை மாற்றி வாங்கிவிடலாம்” என்பார்கள். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். ஒரு துணிக்கடையின் லிஃப்டில் கை மாட்டிக்கொண்ட ஒருவர், என்னிடம் வருவதற்கு முன்பே அப்படி ஒரு திருத்திய சான்றிதழை வாங்கி வைத்திருந்தார். எதிர்த்தரப்பு மூல கேஸ் ஷீட்டை வரவழைத்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவருடைய உண்மையான காயத்தைக்கூட யாரும் நம்பத் தயாராக இல்லை. பொய் ஆவணத்தைச் சாட்சியமாகக் கொடுப்பது தனிக் குற்றம், அது வழக்குப் போட்டவர் தலையில்தான் விழும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது அந்த நிலைக்கு ஏன் போக வேண்டும்?

உள்ளதை வைத்துப் பார்ப்போம். முதலுதவி அறையில் கொடுத்த அந்தத் துண்டுச் சீட்டுதான் உங்களிடம் உள்ள சிறந்த ஆவணம். லேமினேட் செய்யாமல் பத்திரமாக வையுங்கள். சவாரி முடிந்து வெளியே வரும் வழியில் விற்ற போட்டோவை வாங்கியிருந்தால் அதையும் தேடுங்கள். தோள் கம்பி எந்த நிலையில் இருந்தது என்பது அதில் தெரிந்தாலும் தெரியும். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சமரசப் பேச்சில் சொன்னதை ஒப்புதலாக எடுக்கக் கூடாது என்று ஆட்சேபிப்பார்கள், இருந்தாலும் வைத்திருங்கள். கேளிக்கைச் சவாரிகளின் பாதுகாப்புக்கென்று ஐ.எஸ். 15475 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. அன்றைய சோதனைப் பதிவேட்டையும் முதலுதவிப் பதிவேட்டையும் ஆணையம் மூலம் வரவழைக்கலாம். சிசிடிவி இந்நேரம் அழிந்திருக்கும், அதை நம்பாதீர்கள்.

இவற்றோடு, வீட்டில் விழுந்ததாக ஏன் சொன்னோம் என்பதைப் பிரமாணப் பத்திரத்தில் நேர்மையாக ஒப்புக்கொண்டால் வழக்கு உயிரோடு இருக்கும். ஆனால் அப்படி ஒப்புக்கொள்ளும்போது, இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் தவறான காரணம் சொன்னதையும் கையெழுத்திட்டு ஒப்புக்கொள்கிறீர்கள். அதனால் வழக்கோ சமரசமோ, முதலில் அவர்களுக்கு எழுதி உண்மையைத் தெரிவியுங்கள். விளக்கம் கேட்பார்கள், சங்கடமாகத்தான் இருக்கும். அவர்களாகக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தால் பாலிசியே போகலாம். அவர்கள் கட்டிய 1,85,000 ரூபாயை உங்கள் கைக்காசு போலப் பூங்காவிடம் கேட்கவும் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், சமரசம் செய்துகொள்ளுங்கள். 10 லட்சம் என்ற எண்ணை மறந்துவிடுங்கள். நான்கு மாத வருமானம் 48,000, பிளேட் எடுக்க 45,000, பட்ட வலிக்கும் அலைச்சலுக்கும் ஒரு தொகை. வக்கீல் நோட்டீஸில் 1,50,000 கேளுங்கள். 1,20,000 வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பாடம் புகட்டுவதற்காக நடத்தும் வழக்குக்கு வாய்தா வாய்தாவாக அலையப் போவது நீங்கள்தான். மனைவியின் தோள் குணமாக வேண்டிய நேரம் இது.

பணம் வாங்கும் இடத்திலும் ஒரு ஆபத்து உண்டு. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகை எழுதாத வவுச்சரில் கையெழுத்துக் கேட்பார்கள். ‘முழு மற்றும் இறுதித் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி அதில் இருக்கும். மோசடியாலோ வற்புறுத்தலாலோ வாங்கிய கையெழுத்து நுகர்வோர் வழக்கைத் தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1999இல் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள், அது மிகக் கடினம். ஆகவே தொகை வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகே கையெழுத்து. காயம்பட்டவர் உங்கள் மனைவி, எனவே கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான், நீங்கள் அல்ல. பிளேட் எடுக்கும் செலவு அந்தத் தொகையில் சேர்ந்ததா, தனியாகத் தருவார்களா என்பதை அதே தாளில் எழுதி வாங்குங்கள். டாக்டரிடம் அதற்கான மதிப்பீட்டுக் கடிதத்தை இந்த வாரமே கேட்டு வையுங்கள்.