பெரிய கேமராவுக்கு எந்த ஹெட்? கேள்வி பதில்

லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கான (பெரிய தாள் ஃபிலிமில் எடுப்பது) டிரைபாட் ஹெட், அதாவது முக்காலியின் மேல் கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி, பற்றி வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: சார், என் 4×5 அங்குல ஃபிலிம் மோனோரெயில் கேமரா (ஒற்றைத் தண்டின் மேல் லென்ஸும் பின்பக்கமும் நகரும் வகை) லென்ஸோடு சேர்த்து 5 கிலோ. என் பால் ஹெட்டில் (உருண்டையின் மேல் எல்லாத் திசையும் திரும்பும் ஹெட்) 15 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கிறது. அப்படியும் இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் கேமரா மெல்லத் தலை கவிழ்கிறதே?

பதில்: எடை ஹெட்டுக்கு நேர் மேலே இருந்தால் அந்த 15 கிலோ சரிதான். சாய்த்ததும் கணக்கு மாறிவிடும். கேமராவின் எடைமையம் உருண்டையின் நடுவிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வையுங்கள். 30 டிகிரி சாய்த்தால் அது 7.5 செ.மீ. பக்கவாட்டில் தள்ளிப்போகும். 5 கிலோவும் அந்தத் தூரத்திலிருந்து நெம்பும்போது உருண்டையின் உராய்வு மட்டும்தான் எதிர்த்துப் பிடிக்கிறது. இதில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தியான பெல்லோஸையும் நீட்டினால் பாரம் முன்னால் ஓடும். 210 மி.மீ. லென்ஸில் ஒரு பொருளை அதன் அசல் அளவிலேயே எடுக்க 420 மி.மீ. நீட்ட வேண்டும்.

புது ஹெட் வாங்குவதற்கு முன் செலவில்லாத வழி ஒன்று. ஃபோகஸ் ஏறக்குறைய சரியானதும் தண்டைப் பிடித்திருக்கும் ரெயில் கிளாம்பைத் தளர்த்தி, மொத்த கேமராவையும் முன்னும் பின்னும் நகர்த்தி, பாரம் ஹெட்டின் மேல் சமமாக நிற்கும்படி வையுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

கேள்வி: அப்போ பால் ஹெட்டே வேண்டாமா அண்ணே?

பதில்: மடக்கும் வகை இலகுவான ஃபீல்டு கேமராவுக்குப் பெரிய உருண்டையுள்ள பால் ஹெட் போதும். மோனோரெயிலுக்கு நான் சொல்லமாட்டேன். ஒரு திருகைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்துவிடும். இடது வலது மட்டம் சரிசெய்யப் போனால் முன் பின் மட்டம் கெடும். மூன்றுவழி பான் ஹெட்டில் ஒவ்வொரு திசைக்கும் தனிப் பூட்டு. கைப்பிடிகள் பையில் இடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கியர்டு ஹெட் அவ்வளவு விலைக்குத் தகுமா?

பதில்: கட்டடம், உள்ளறை, மேசைப்பொருள் எடுப்பவருக்குத் தகும். பல்சக்கரத்தில் ஓடும் ஹெட் இது, குமிழைத் திருகும் அளவுக்குத்தான் நகரும். கையை எடுத்தால் அங்கேயே நிற்கும், தனியாகப் பூட்ட வேண்டியதில்லை. மான்ஃப்ராட்டோ 410 ஹெட்டின் எடை 1.2 கிலோ, தாங்குவது 5 கிலோ. 405 என்றால் 1.6 கிலோ, 7.5 கிலோ. முதல் கேள்வி கேட்டவர் 410-ஐத் தேடிப் போக வேண்டாம், அது அவருக்கு விளிம்பில் நிற்கும் கணக்கு. பழையது வாங்கினால் குமிழைத் தொடாமல் மேல்தட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பற்கள் தேய்ந்திருந்தால் கடகடக்கும்.

கேள்வி: செங்குத்துப் படத்துக்கு 90 டிகிரி பக்கவாட்டில் சாயும் ஹெட் வேண்டாமா?

பதில்: வேண்டாம். உங்கள் கேமராவின் பின்பக்கத்தைக் கழற்றித் திருப்பி மாட்டலாம். சிலவற்றில் அப்படியே சுழலும். அதேபோல உயரமான கட்டடத்துக்கும் கேமராவை அண்ணாந்து பார்க்க வைப்பதில்லை, மட்டமாக நிறுத்திவிட்டு லென்ஸைத்தான் மேலே ஏற்றுகிறோம். ஆகவே இந்த ஹெட் நிறைய வளைந்துகொடுக்கத் தேவையில்லை, வைத்த இடத்தில் நின்றால் போதும். முன் பின் சாய்வு நன்றாக இருக்கட்டும். பக்கவாட்டில் மட்டம் பார்க்கும் அளவு போதும். 8×10 அங்குல ஃபிலிம் கேமரா வைத்திருப்பவர்களில் சிலர் ஹெட்டே இல்லாமல் கனமான டிரைபாட் கால்களின் மேல் நேராகப் பூட்டி, கால் நீளத்தை மாற்றியே மட்டம் பார்க்கிறார்கள். மலைச்சரிவில் அது பெரும்பாடு.

கேள்வி: வீடியோ ஃப்ளூயிட் ஹெட் சும்மா கிடக்கிறது, பயன்படுத்தலாமா?

பதில்: பக்கவாட்டுச் சாய்வு அதில் கிடையாது. டிரைபாட் கால்களின் மேல் மட்டம் சரிசெய்யும் கிண்ண வடிவ லெவலிங் இருந்தால் தாராளமாக.

கேள்வி: ஃபிலிம் ஹோல்டரை (தாள் ஃபிலிம் வைக்கும் சட்டம்) கேமராவின் பின்னால் செருகும்போது கேமரா ஸ்க்ரூவிலேயே லேசாகத் திரும்பிவிடுகிறது. ஹெட்டின் குற்றமா?

பதில்: பெரும்பாலும் பிளேட்டின், அதாவது கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் தகட்டின், குற்றம். கேமராவின் அடியில் 3/8 அங்குலத் துளை இருந்தால், அதை 1/4 அங்குலமாகக் குறுக்கும் மரை உள்ளே இருந்தால் கழற்றிவிட்டு 3/8 ஸ்க்ரூவையே போடுங்கள்; 1/4 இவ்வளவு எடைக்கு ஒல்லி. அகலமான பிளேட், முடிந்தால் கேமராவின் விளிம்பைப் பிடிக்கும் உதடு உள்ளதாக வாங்குங்கள். தடித்த மெத்து ரப்பர் ஒட்டிய பிளேட்டைத் தவிருங்கள், எவ்வளவு இறுக்கினாலும் அமுங்கிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஐயா, கடையில் ஒரு ஹெட்டை எப்படிச் சோதிப்பது?

பதில்: உங்கள் கேமராவையும் மிக கனமான லென்ஸையும் கூடவே கொண்டுபோங்கள். பெல்லோஸை நீட்டி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டுங்கள். படம் தெரியும் பின்பக்க மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் ஒரு கூர்மையான மூலையை லூப் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்துப் பார்த்துக்கொண்டே கையை எடுங்கள். பூட்டும் கணத்தில் படம் சற்று இறங்கினால் பரவாயில்லை, அதைக் கணக்கில் வைத்து ஃப்ரேம் செய்யலாம். பூட்டிய பிறகும் நகர்ந்துகொண்டே இருந்தால் கீழே வையுங்கள். அடுத்து ஹோல்டரைச் செருகி எடுத்துவிட்டு அதே மூலை அதே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இதையெல்லாம் டிரைபாடின் நடுத்தண்டை முழுக்க இறக்கிவிட்டுச் செய்யுங்கள். தண்டு ஏறியிருந்தால் ஹெட்டின் மேல் வீண்பழி விழும்.